லேசான மறதி என்று மருத்துவர் சொன்ன அம்மாவுக்கு வீட்டில் என்ன பயிற்சி, என்ன துணை?

கேள்வியின் சுருக்கம்: அம்மாவுக்கு 71 வயது, எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர், அப்பாவுடன் திருச்சியில் இருக்கிறார். ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. ஒரு வருடமாகச் சொன்னதையே திரும்பக் கேட்கிறார், இரண்டு முறை பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது, ஒருநாள் சர்க்கரை மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிட்டார். நரம்பியல் மருத்துவர் நினைவையும் யோசனையையும் அளக்கும் மோக்கா சோதனையில் 30-க்கு 22 என்று சொல்லி, ‘லேசான அறிவாற்றல் குறைபாடு, டிமென்ஷியா இல்லை’ என்று எழுதினார். மாத்திரை எதுவும் தராமல் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார். மூளைப் பயிற்சி ஆப் வாங்கலாமா? வேறு என்ன செய்வது?

மாத்திரை தராததை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். அன்றாட வேலைகளுக்கே பிறர் துணை தேவைப்படும் அளவுக்கு நினைவு குலைவதுதான் டிமென்ஷியா. டொனெபெசில் போன்ற அதற்கான மாத்திரைகள் இந்தக் கட்டத்தில் பலன் தருவதாக நிரூபணம் ஆகவில்லை. வயிற்றுப்போக்கும் நாடித்துடிப்பு குறைவதும்தான் கூடுதலாக வரலாம். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மருந்து இல்லாமல் இருப்பதைச் சரி என்கிறது. அதில் வாரம் இரண்டு முறை உடற்பயிற்சியைப் பரிந்துரைக்க ‘வேண்டும்’ என்றும், அறிவாற்றல் பயிற்சியைப் பரிந்துரைக்க‘லாம்’ என்றும் இருக்கிறது. உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அந்த இரண்டு விகுதிகளில் இருக்கிறது. அவர்கள் திரட்டிய கணக்கில், இந்த நிலையில் இருந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் டிமென்ஷியா வந்தது. பலர் இருந்த இடத்திலேயே நின்றார்கள், அடுத்த சோதனையில் இயல்புக்குத் திரும்பியவர்களும் கணிசம்.

திரும்பியது எப்படி என்று கேட்டால், சிலருக்கு மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று பின்னால் இருந்தது. ஆகவே பயிற்சி தொடங்கும் முன் கோப்பை எடுத்துச் சில விஷயங்களைப் பாருங்கள். வைட்டமின் பி12 பார்த்தார்களா? மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும், கூடவே வாயுத்தொல்லைக்கு பான்டோபிரசோல் போட்டால் இன்னும் குறையும். தைராய்டு பார்த்தார்களா? பிறகு மாத்திரைப் பை முழுவதையும் மேஜையில் கொட்டுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் போடும் குளோர்பெனிரமைன், கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபுட்டினின், தூக்கத்துக்கு அல்பிரசோலம் அல்லது குளோனசிபாம் இருந்தால், அவை ஒவ்வொன்றும் நினைவை மங்கவைக்கும். மருத்துவரிடம் காட்டிக் குறைக்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது, மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும். பலத்த குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். காது, கண் சோதனையும் இந்த மாதமே முடியட்டும். காதில் சரியாக விழாத சொல்லை யாராலும் நினைவில் வைக்க முடியாது. வீட்டாரோ அதை மறதிக் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

22 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு மோக்காவில் ஒரு மதிப்பெண் கூட்டித்தர வேண்டும். அது சேர்ந்துதான் 22 வந்ததா என்று கேளுங்கள். குறைவாகப் படித்தவர்களை இந்தச் சோதனை உள்ளதைவிட மோசமாகக் காட்டும். அடுத்த முறை இதே சோதனையின் வேறு வடிவத்தில், இதே மொழியில் எடுத்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

இப்போது ஆப். வாங்கவேண்டாம் என்பதே என் பதில். இதைக் குறித்த பெரிய ஆய்வு அமெரிக்காவில் நடந்த ‘ஆக்டிவ்’. 65 வயதைத் தாண்டிய 2,832 பேரில் ஒரு பிரிவுக்கு நினைவு, இன்னொன்றுக்குத் தர்க்கம், மூன்றாவதுக்குப் பார்த்ததை வேகமாகப் புரிந்துகொள்ளுதல் என்று ஐந்தாறு வாரத்தில் பத்து அமர்வு நடத்தினார்கள். பயின்ற திறன் கூடியது, அடுத்த திறனுக்குப் பரவவில்லை. பத்தாண்டு கழித்துத் தர்க்கத்திலும் வேகத்திலும் பலன் மிச்சம் இருந்தது, நினைவுப் பயிற்சியின் பலன் தேய்ந்துபோயிருந்தது. அன்றாட வேலையில் சிரமம் குறைவு என்று பயின்றவர்களே சொன்னார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் அவர்கள் குறைபாடு இல்லாத முதியவர்கள். இருந்தும் மூளைப் பயிற்சி ஆப்களைச் சந்தையில் ‘மறதியைத் தடுக்கும்’ என்று விற்றார்கள். அப்படி விளம்பரம் செய்ததற்காக லுமோசிட்டி நிறுவனம் 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அம்மாவுக்கு ஃபோனில் விளையாடப் பிடித்தால் விளையாடட்டும், தோற்றுத் தோற்று முகம் வாடினால் எடுத்துவிடுங்கள். சுடோகுவில் கெட்டிக்காரர் ஆவதால் பால் பொங்குவது நிற்காது.

எதற்குப் பயிற்சி வேண்டுமோ அந்த வேலையிலேயே கொடுக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அது மாத்திரை, அடுப்பு, திரும்பத் திரும்பக் கேட்பது என்ற மூன்றுதான். மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள்.

முதலில் நோட்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் இந்த நிலையில் உள்ளவருக்கும் துணைவருக்கும் சேர்த்து நடத்தும் பயிற்சித் திட்டத்தில், யோகா, கணினிப் பயிற்சி, ஆதரவுக் குழு, நலக்கல்வி ஆகியவற்றோடு நாள்குறிப்பு எழுதும் பழக்கமும் ஓர் அங்கம். அதை நம் வீட்டுக்கு இப்படி மாற்றிக்கொள்ளலாம். சட்டைப் பைக்குப் பெரியதும் பள்ளி நோட்டுக்குச் சிறியதுமான ஒரு டைரி வாங்குங்கள், நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்தை இரண்டு கோடு போட்டு மூன்றாகப் பிரியுங்கள். மேலே நேரத்தோடு நடக்கவேண்டியவை: ‘11 மணி, கேஸ்காரர்’. நடுவில் நேரம் இல்லாத வேலைகள்: ‘மாவு அரைக்கணும்’. கீழே நடந்தவை: ‘மகன் பேசினான், பேத்திக்குப் பரீட்சை முடிந்தது’. திரும்பத் திரும்பக் கேட்பதைக் குறைப்பது இந்தக் கடைசிக் கட்டம்தான், அதனால் அதைச் சுருக்காதீர்கள். பேனாவை நூலால் நோட்டோடு கட்டிவிடுங்கள். நோட்டுக்கு ஒரே இடம், காபி குடிக்கும் மேஜை. காலைக் காபி முடிந்ததும், பகல் சாப்பாடு முடிந்ததும், ராத்திரி படுக்குமுன் என மூன்று தடவை பார்ப்பது. முடிந்த வேலையை அடித்துவிடுவது. தினசரிக் காலண்டர் தாள் கிழிப்பதையும் காலைக் காபியோடு சேர்த்துவிட்டால் தேதிக் குழப்பமும் போகும். ராத்திரியே கிழிக்கும் பழக்கம் உள்ள வீடுகளில்தான் அந்தக் குழப்பம் அதிகம்.

அம்மா ‘இன்னைக்கு யாரு வர்றா?’ என்று கேட்டால் பதிலைச் சொல்லாமல், ‘நோட்டுல பாப்போமாம்மா’ என்று கூடவே போய்ப் பாருங்கள். ‘நோட்டுல இருக்குல்ல!’ என்று எரிந்துவிழுந்தால் நோட்டே வசவுக்குறியாகிவிடும். பழக்கம் படிய ஆறு வாரமாவது பிடிக்கும். முதல் இரண்டு வாரம் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும், அதற்குப் பிறகு நினைவுபடுத்தினால் போதும். கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று வழியில். அப்பா எழுதிக் கொடுக்கத் தொடங்குவார், எழுதுகிறபோதுதான் மனதில் பாதி பதிகிறது என்பதால் அது வீண். துண்டுச்சீட்டு, காலண்டர் பின்பக்கம், ஃபிரிட்ஜ் கதவு என்று நாலு இடத்தில் எழுதுவார்கள். அல்லது ‘இன்னும் அவ்வளவு மோசமில்லையே’ என்று ஒரு வருடம் தள்ளிப்போடுவார்கள். புதுப் பழக்கம் கற்கும் சக்தி இப்போது இருக்கிறது, பிறகு குறையலாம். எழுத வராத பெரியவர்கள் வீட்டில் சிலேட்டுப் பலகையில் படம், பூ, கோடு என்று குறித்தும் இதைச் செய்யலாம்.

இரண்டாவது மாத்திரை. ஏழு நாளுக்கும் வேளைவாரியாக அறை உள்ள டப்பா மருந்துக்கடையிலேயே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவே நிரப்பட்டும், அப்பா சரிபார்க்கட்டும். மீதி அட்டைகள் அனைத்தும் கண்ணில் படாத அலமாரிக்குப் போகவேண்டும். டப்பாவும் அட்டையும் ஒரே மேஜையில் இருந்தால் இரட்டை மாத்திரை மீண்டும் நடக்கும். உங்கள் வீட்டில் இதுதான் மிகவும் ஆபத்தான தவறு. கிளிமிபிரைடு வகை மாத்திரை இரண்டு முறை உள்ளே போனால் சர்க்கரை இறங்கி மயக்கமே வரும், அடிக்கடி இறங்குவது மூளைக்கும் கெடுதல். அறிவாற்றல் குறைபாடு உள்ள முதியவர்களுக்கு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8-க்குக் கீழ் இருந்தால் போதும் என்றுதான் அமெரிக்க நீரிழிவுச் சங்கமே சொல்கிறது. 6.5-க்கு இறுக்கிப் பிடித்திருந்தால் தளர்த்தலாமா என்று சர்க்கரை மருத்துவரைக் கேளுங்கள்.

டப்பாவைப் பார்க்கும் பழக்கத்தை மனதில் ஊன்ற, இடைவெளி விட்டுக் கேட்கும் முறை ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் டப்பாவைப் பார்ப்பது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘மாத்திரை போட்டாச்சான்னு சந்தேகமா இருந்தா, டப்பாவுல அறை காலியான்னு பாக்கணும். எங்க பாக்கணும்மா?’ அவர் ‘டப்பாவுல’ என்று சொல்லி, எழுந்து போய்த் தொட்டுக் காட்டவேண்டும். 15 வினாடி கழித்து அதே கேள்வி. பிறகு 30 வினாடி, 1 நிமிடம், 2, 4, 8, 16 நிமிடம் என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். இடையில் பூக் கட்டலாம், கீரை ஆயலாம், ஊர்க்கதை பேசலாம். தவறினால் ‘யோசிச்சுப் பாரும்மா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். உடனே விடையைச் சொல்லி, அவர் வாயால் ஒருமுறை சொல்லவைத்து, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புங்கள். ஊகிக்கவிட்டால் ஊகித்த தப்பே பதிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒருமுறை செய்தால் போதும். மறுநாள் முதல் கேள்விக்கே சரியாகச் சொல்கிறாரா என்று பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் சொன்னால் அந்தப் பாடம் முடிந்தது. புதிதாக வந்த மருமகன் பெயர், புது வீட்டு எண் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். முயன்று நினைவுகூரும் திறன் தளர்ந்தாலும், பழக்கமாகப் படியும் நினைவு இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அந்த வழியாக உள்ளே போகிறோம்.

அடுப்புக்கு ஒரே விதி: எரியும்போது சமையலறையை விட்டு வந்தால் கையில் கரண்டியோடு வரவேண்டும். ஹாலில் உட்கார்ந்தபிறகும் கரண்டி கையில் உறுத்தும், அடுப்பு ஞாபகம் வரும். கழுத்தில் மாட்டும் சிறிய டைமரும் உதவும். பால் காய்ச்ச விசில் அடிக்கும் பால் குக்கர் இன்னும் கடையில் இருக்கிறது. அஞ்சறைப்பெட்டி, காபிப்பொடி டப்பா, தீப்பெட்டி எதையும் இடம் மாற்றாதீர்கள். அழகாக அடுக்கிக்கொடுக்க வரும் மருமகள்கள் நல்ல எண்ணத்தில் செய்யும் பெரிய கெடுதல் இதுதான். தானாக அணையும் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே வாங்கிப் பழக்குங்கள், இரண்டு வருடம் கழித்து வாங்கினால் பழகுவது கடினம்.

பணம் நீங்கள் கேட்காதது. என்றாலும் மறதி தொடங்கியவர்களைத் தேடித்தான் ஏமாற்றுக்காரர்களின் அழைப்பு வருகிறது. செலவுக்கு மட்டும் சிறு தொகை உள்ள தனிக் கணக்கை அம்மாவின் யு.பி.ஐ.-யில் இணையுங்கள், ஓய்வூதியக் கணக்கும் வைப்புத்தொகையும் அதில் இணையக்கூடாது. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்கவேண்டும். வாரிசு நியமனம், உயில் போன்றவற்றையும் அம்மாவே தெளிவாக முடிவெடுக்கும் இந்தக் காலத்திலேயே, அவர் விருப்பப்படி முடித்துவிடுங்கள்.

இனி மனத்துணை. என் கணக்கில் பயிற்சியைவிட எடை இதற்குத்தான். நோய் என்று பெயர் வைத்ததும் வீட்டில் முதலில் நடப்பது, ‘நீ சும்மா உட்காரும்மா, நாங்க பாத்துக்கிறோம்’. சாவி, கடைக்கணக்கு, பண்டிகைச் சமையல் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போகும். மூன்றே மாதத்தில் அவர் நாற்காலியும் டிவியுமாகிவிடுவார், வீட்டார் அதை நோய் முற்றியதாக எண்ணுவார்கள். வேலையைப் பிடுங்காமல் அதில் தடுக்கும் படியை மட்டும் தாங்குங்கள். சாம்பார் வைப்பது அவர், உப்பு போட்டாயிற்றா என்ற சந்தேகத்துக்கு, போட்டதும் உப்பு ஜாடியை வலப்பக்கம் நகர்த்தி வைக்கும் பழக்கம்.

இரண்டாவது தவறு பரீட்சை வைப்பது. கல்யாண மண்டபத்தில் நாலு பேர் முன்னால் ‘அம்மா, இவங்க யாருன்னு சொல்லு பாப்போம்’. இதற்குப் பயந்தே பலர் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்துகிறார்கள். நீங்களே முந்திக்கொண்டு ‘அம்மா, நம்ம லால்குடி சித்தி வந்திருக்காங்க’ என்று சொல்லிவிடுங்கள். மண்டபத்துக்குக் கிளம்புமுன் யார் யார் வருவார்கள் என்று ஆல்பத்தைப் புரட்டி ஒருமுறை பேசிக்கொள்ளலாம். பேச்சில் விவரம் கேட்பதைவிட அபிப்பிராயம் கேளுங்கள். ‘காலைல என்ன சாப்பிட்ட?’ என்பதற்குச் சரி தப்பு உண்டு. ‘கத்திரிக்காய் பொரியலுக்குத் தேங்கா போட்டா நல்லாருக்குமா, பொடி போட்டாவா?’ என்பதற்கு அவர்தான் நீதிபதி. டிமென்ஷியா உள்ளவர்களுக்கு வாரம் இரண்டு அமர்வாக மொத்தம் 14 அமர்வு நடத்தும் அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தார் நம் பண்பாட்டுக்கு ஏற்ப அதை மாற்றியமைத்திருக்கிறார்கள். விவரத்தை விட்டு அபிப்பிராயத்தைக் கேட்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. அந்த முழுச் சிகிச்சை இப்போது அம்மாவுக்குத் தேவையில்லை, விதியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

பல்லாங்குழி, தாயம், கோலம் எல்லாம் நல்லவை, கூட ஆள் இருந்தால். மனப்பாடமாகச் சொல்லும் கவசமும் பாசுரமும் பழைய நினைவு, மனதுக்கு இதம். பயிற்சியாக வேண்டுமென்றால் தெரியாத பாசுரம் ஒன்றை நாளுக்கு இரண்டு அடியாகப் புதிதாகக் கற்கவேண்டும், தோழி ஒருவரோடு சேர்ந்து கற்றால் இன்னும் நல்லது. வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம். மாத்திரை வடிவில் வந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், அதை நம்பி மற்றதை விடாதீர்கள்.

உடற்பயிற்சிக்கு வாரம் 150 நிமிடம் என்று வையுங்கள். பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில் நடை, அப்பாவும் கூட. வாரம் இரண்டு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் இந்த வகைதான். மேல் அளவை 120-க்குக் கீழே இறக்கிய ஸ்பிரின்ட் ஆய்வின் 2019 முடிவில், லேசான குறைபாடு புதிதாக வருவது 19 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. எழுந்து நின்றால் தலைசுற்றுகிற பெரியவர்களுக்கு அவ்வளவு இறக்குவது விழவும் வைக்கும். அம்மாவுக்கு எது சரி என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

அம்மா பயப்படுகிறார் என்பதை யாராவது காதுகொடுத்துக் கேட்கவேண்டும். ‘ஒண்ணுமில்லம்மா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்’ என்று மூடிவிட்டால் அவர் தனியாகப் பயப்படுவார். ‘பயமா இருக்காம்மா?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லவேண்டாம் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். சீக்கிரம் விழிப்பு, சாப்பாட்டில் ருசியின்மை, ‘நான் பாரமா இருக்கேன்’ என்ற பேச்சு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனச்சோர்வு தனியாகவே மறதியைக் கூட்டும், அதற்குச் சிகிச்சையும் உண்டு. உள்ளூரில் மனநல மருத்துவரைப் பிடிக்கத் தாமதமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். முதியோருக்கான பொது உதவி எண் 14567.

அப்பாவை யாரும் கவனிப்பதில்லை. அம்மாவின் ஒரே கேள்வியை ஒரு நாளைக்குப் பதினைந்து முறை காதில் வாங்குபவர் அவர்தான், ‘இப்பதானே சொன்னேன்!’ என்று வெடிப்பவரும் அவர்தான். கோபத்தால் ஞாபகம் வராது, பதற்றம் கூடி அடுத்த கேள்வி சீக்கிரம் வரும். இதை அவருக்கு மகனாக விளக்குவதைவிட மருத்துவர் வாயால் சொல்லவைப்பது பலிக்கும். வாரம் இரண்டு மாலை அவர் நண்பர்களோடு வெளியே போகட்டும், அந்த நேரத்துக்கு வேறு ஆள் வையுங்கள். உடன்பிறந்தவர்கள் கூடிப் பேசி, மருத்துவமனை யார், வங்கி யார், தினசரி ஃபோன் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஃபோன் செய்வது தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும், பேசி முடித்ததும் ‘நோட்டுல எழுதிக்கோம்மா’ என்று சொல்லி, எழுதும் வரை இணைப்பிலேயே இருங்கள்.

ஆறு மாதத்தில் மறுபடி போகும்போது எண்ணோடு வேறு சிலவற்றையும் குறித்துக்கொண்டு போங்கள்: மாத்திரை எத்தனை நாள் தவறியது, தெரிந்த வழியில் தடுமாறினாரா, சில்லறைக் கணக்கு வருகிறதா, சமைக்கும் வரிசை மாறுகிறதா. இவற்றில் பிறர் கை தேவைப்படத் தொடங்கினால் நோயின் பெயரும் மாறக்கூடும், அதைத்தான் மருத்துவர் தேடுகிறார். இன்னொன்று. இந்த மறதி மாதக்கணக்கில்தான் நகரும். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால், பகலில் தூங்கி வழிந்தால், இல்லாத ஆட்களைப் பார்ப்பதாகச் சொன்னால், வாய் கோணினால் அது வேறு விஷயம். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறக்கம், பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம். குளூக்கோமீட்டரில் ஒரு சொட்டு பார்த்துவிட்டு, அடுத்த நாள் வரை காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.